பொய் இரவல் கேட்ட எழுத்து



யோர்தான் நதியின் துறைகளில் ஓர் எழுத்து மனிதருடைய உயிருக்கு விலைபேசிய காலம் ஒன்று உண்டு. நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் அந்தத் துயரம் எழுதப்பட்டிருக்கிறது. கிலேயாத்தியர் ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடந்துபோக வந்த ஒவ்வொருவனையும் நிறுத்தி, ‘ஷிபோலேத்’ என்று சொல்லும்படி கட்டளையிட்டார்கள். கதிர் என்றும் நீரோட்டம் என்றும் பொருள்படும் எளிய சொல் அது. எப்பிராயீமியரின் நாவில் அதன் முதல் ஒலி வரவில்லை. அவர்கள் ‘சிபோலேத்’ என்றார்கள். அப்படிச் சொன்னவன் அந்தத் துறையிலேயே வெட்டுண்டான். அக்காலத்தில் 42,000 பேர் விழுந்தார்கள் என்று வேதம் கணக்குச் சொல்லுகிறது. வெட்டினவனும் வெட்டுண்டவனும் யாக்கோபின் சந்ததியே. இருவரையும் எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர் ஒரே தேவனே.

அந்தச் சொல்லின் முதலெழுத்துக்கு ஷீன் என்று பெயர். எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் அது 21-ஆவது. இந்த வாரம் அந்த ஓர் எழுத்தின் வரலாற்றைத் தியானிப்போம். இதற்கு ஒரு காரணம் உண்டு. எபிரெய எழுத்துகளின் ‘மறைபொருள்’ இன்னதென்று சொல்லும் காணொலிகளும் செய்திகளும் நம்முடைய கைபேசிகளுக்கு ஓயாமல் வருகின்றன. சிலர் அவற்றைக் கண்டு வியக்கிறார்கள், சிலர் அஞ்சுகிறார்கள், பலர் வாசித்த கையோடு பிறருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் போதனைகளின் ஊற்று எங்கே இருக்கிறது, நமக்கு முன்னே அதில் மொண்டு குடித்த கிறிஸ்தவர்கள் அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று அறிவது நமக்கு நன்மையாயிருக்கும்.

வாசல் நிலையிலும் நெற்றியிலும்

ஷீன் எழுத்தின் வடிவம் எளிது. அடியில் ஒன்றாய் இணைந்து, மேல்நோக்கி எழும் மூன்று கிளைகள் அதற்கு உண்டு. வலப்புறக் கிளையின்மேல் புள்ளி வைத்தால் ‘ஷ’ என்றும், இடப்புறக் கிளையின்மேல் வைத்தால் ‘ஸ’ என்றும் வாசிக்கப்படும். இந்தப் புள்ளிகள் பிற்காலத்தில் மசோரேத்தியர் என்னும் வேதபாடக் காவலர்கள் இட்டவை. யூதருடைய தேவாலயங்களில் வாசிக்கப்படும் நியாயப்பிரமாணச் சுருளில் இன்றும் புள்ளிகள் இல்லை. வாசிப்பவன் ஒலியைத் தன் பிதாக்களிடமிருந்து கற்றிருக்கவேண்டும்.

யூத வீடுகளின் வாசல் நிலையில் ‘மெசூசா’ என்னும் சிறிய பேழை பதிக்கப்பட்டிருக்கும். அதனுள்ளே இருக்கும் தோல்சுருளில் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தின் 4 முதல் 9 வரையுள்ள வசனங்களும், 11-ஆம் அதிகாரத்தின் 13 முதல் 21 வரையுள்ள வசனங்களும் கையால் எழுதப்பட்டிருக்கும். பேழையின் வெளிப்புறத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்துதான் காணப்படும், அது ஷீன். ஆபிரகாமுக்குத் தேவன் தம்மை வெளிப்படுத்திய ‘ஷத்தாய்’ என்னும் நாமத்தின், அதாவது சர்வவல்லவர் என்று நாம் வாசிக்கும் நாமத்தின், முதலெழுத்து அது.

நம்முடைய ஆண்டவர் வேதபாரகரையும் பரிசேயரையும் கடிந்துகொண்டபோது காப்புநாடாக்களைக் குறித்துப் பேசினார் அல்லவா? யூதர்கள் ஜெபவேளையில் நெற்றியின்மேல் அணியும் அந்தக் கருந்தோல் பெட்டியிலும் ஷீன் உண்டு. அணிபவனுக்கு வலப்புறத்தில் மூன்று கிளைகளோடும், இடப்புறத்தில் நான்கு கிளைகளோடும் அது புடைத்து நிற்கும். மூன்று கிளைகள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் முற்பிதாக்கள் என்றும், நான்கு கிளைகள் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்னும் முற்பிதாட்டிகள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. இப்படியாக, கபாலா என்னும் மறைபொருள் மரபு தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, ஜெபிக்கிறவனுடைய நெற்றியில் ஷீன் இடம்பெற்றிருந்தது.

நெருப்பின் எழுத்து

கபாலா என்னும் எபிரெயச் சொல்லுக்குப் ‘பெற்றுக்கொண்டது’ என்று பொருள். குரு சீடனுக்குச் செவிவழியாய் ஒப்புவித்த போதனை என்பது அதன் கருத்து. அந்த மரபு தனக்கு அடிப்படையாய்க் கொண்ட பழைய நூல்களில் ஒன்று ‘சேஃபர் யெட்சிரா’, அதாவது படைப்பின் புத்தகம். சில பக்கங்களே உள்ள சிறு நூல் அது. 931-ஆம் ஆண்டில் சாதியா காவோன் என்னும் யூதப் பேரறிஞர் அதற்கு உரை எழுதினார். ஆகவே நூல் அதற்கும் முற்பட்டது என்பது தெளிவு. தேவன் தம்முடைய வார்த்தையினால் உலகத்தை உண்டாக்கினார் என்று ஆதியாகமம் சொல்லுகிறது. வார்த்தைகள் எழுத்துகளால் ஆனவை. அப்படியானால் 22 எழுத்துகளும் படைப்பின் கற்கள் அல்லவா என்று அந்நூல் சிந்திக்கிறது.

அது எழுத்துகளை மூன்று வகையாய்ப் பிரிக்கிறது. தாய் எழுத்துகள் 3. இரட்டை ஒலியுள்ளவை 7. தனி எழுத்துகள் 12. தாய் எழுத்துகள் ஆலெப், மேம், ஷீன் என்பவை. மேம் வாய்மூடி முனகும் ஒலி, அது தண்ணீர். ஷீன் சீறும் ஒலி, அது நெருப்பு. ஆலெப் இவ்விரண்டுக்கும் நடுவே தராசின் நாக்குபோல நிற்கும் மூச்சு, அது காற்று. ஆண்டின் காலங்களில் ஷீன் வெப்பகாலம். மனித சரீரத்தில் அது தலை. உலகத்தில் அது மேலான வானம். எபிரெயத்தில் நெருப்புக்கு ‘ஏஷ்’ என்று பெயர்; ஆலெப்பும் ஷீனும் சேர்ந்த ஈரெழுத்துச் சொல் அது. பச்சை விறகில் நெருப்புப் பிடிக்கும்போது எழும் ஓசையை அந்தச் சொல்லிலேயே கேட்கலாம்.

இந்த நெருப்பைப் பற்றித் தல்மூத் என்னும் யூதப் போதனைத் தொகுப்பில் ரபி அக்கிபா சொன்னதாக ஓர் அழகிய கருத்து உண்டு. புருஷன் என்பதற்கு எபிரெயச் சொல் ‘ஈஷ்’. ஸ்திரீ என்பதற்கு ‘ஈஷா’. முதற்சொல்லின் நடுவில் யோத் என்னும் எழுத்தும், இரண்டாம் சொல்லின் கடைசியில் ஹே என்னும் எழுத்தும் உண்டு. இவ்விரண்டும் கர்த்தருடைய நாமத்தின் எழுத்துகள். அவற்றை எடுத்துவிட்டால் இரு சொற்களிலும் மிஞ்சுவது ஆலெப்பும் ஷீனும், அதாவது நெருப்பும் நெருப்பும். குடும்பத்தின் நடுவில் தேவன் இல்லாவிட்டால் இருவரையும் நெருப்புப் பட்சிக்கும் என்பது அந்தப் போதகரின் எச்சரிப்பு. திருமண ஆராதனைகளில் சொல்லத்தக்க வார்த்தை அது.

எபிரெயத்தில் எழுத்துகளே எண்களுமாம். ஷீனுக்குரிய எண் 300. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் ஜலத்தின்மேல் அசைவாடிய தேவ ஆவியானவரைக் குறிக்கும் ‘ரூவாக் எலோகீம்’ என்னும் சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால் முதற்சொல் 214, இரண்டாம் சொல் 86, மொத்தம் 300. இந்தக் கணக்கைக் கேட்கும்போது பெந்தெகொஸ்தே நாளின் அக்கினிமயமான நாவுகள் நமக்கு நினைவுக்கு வரும், மனம் துள்ளும். ஆனால் அவசரப்படவேண்டாம். ‘யேட்சர்’ என்னும் சொல்லையும் கூட்டிப்பாருங்கள்: 10, 90, 200, அதுவும் 300. ஆதியாகமம் 6:5-இல் மனுஷனுடைய இருதயத்து நினைவுகளின் தோற்றம் பொல்லாதது என்று கூறும் இடத்தில் வரும் சொல் அது. தேவனுடைய ஆவிக்கும் மனிதனின் கெட்ட எண்ணத்துக்கும் ஒரே எண் அமைந்திருக்கிறது. எண் தானாகச் சாட்சி சொல்லாது. கூட்டுகிறவன் விரும்புகிற பக்கம் அது சாயும்.

படைப்பின் வாசலில் நின்ற எழுத்துகள்

13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் காஸ்டில் நாட்டில் ‘சோகார்’ என்னும் பெருநூல் வெளிப்பட்டது. ஒளிவீச்சு என்பது அந்தப் பெயரின் பொருள். 2-ஆம் நூற்றாண்டின் போதகரான சிமெயோன் பார் யோகாய் அருளியது என்று அந்நூல் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ளும். 1305-இல் மரித்த மோசே தெ லியோன் என்பவருக்கு அதை எழுதியதில் பெரும்பங்கு உண்டென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்நூலின் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது.

தேவன் உலகத்தைப் படைக்கச் சித்தங்கொண்டபோது எழுத்துகள் ஒவ்வொன்றாய், கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, அவர் சமுகத்தில் வந்து நின்றனவாம். ‘என்னைக்கொண்டு உலகத்தைப் படையும்’ என்பது ஒவ்வொன்றின் விண்ணப்பம். முதலில் வந்தது தாவ். உண்மை என்னும் ‘எமெத்’ சொல்லின் கடைசி எழுத்து அது. ஆயினும் மரணம் என்னும் சொல்லும் அதிலேயே முடிகிறது என்று சொல்லப்பட்டு அது திரும்பியது. அடுத்து ஷீன் வந்தது. ‘உம்முடைய ஷத்தாய் என்னும் நாமம் என்னைக்கொண்டு தொடங்குகிறதே’ என்றது. அதற்குக் கிடைத்த பதில் கவனிக்கத்தக்கது. நீ தகுதியுள்ள எழுத்து, நல்ல எழுத்து, மெய்யான எழுத்து என்று தேவன் அதைப் பாராட்டுகிறார். ஆனாலும் பொய்யின் எழுத்துகள் உன்னைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளும். ஆகையால் உன்னைக்கொண்டு உலகத்தைப் படைக்கமாட்டேன் என்று அனுப்பிவிடுகிறார்.

எபிரெயத்தில் பொய்க்கு ‘ஷேக்கெர்’ என்று பெயர். ஷீன், கோஃப், ரேஷ் என்பவை அதன் மூன்று எழுத்துகள். கோஃபும் ரேஷும் தீமையின் பக்கத்து எழுத்துகள். அவை தாமாக நிற்கமாட்டா. நிற்கும்படிக்கு ஷீனை இரவல் வாங்குகின்றன என்று சோகார் விளக்குகிறது. பொய் சொல்ல விரும்புகிறவன் முதலில் மெய்யை அடித்தளமாய்ப் போட்டு, அதன்மேல் பொய்யைக் கட்டுவான் என்று அது மேலும் சொல்லுகிறது. அந்த எழுத்துகளையே வரிசை மாற்றினால் ‘கேஷெர்’ என்று வரும்; அதற்கு முடிச்சு என்றும் சதி என்றும் பொருள்.

இதற்கு முன்பே தல்மூத்தின் போதகர்களும் இச்சொல்லை ஆராய்ந்திருக்கிறார்கள். பொய் என்னும் சொல்லின் மூன்று எழுத்துகளும் நெடுங்கணக்கில் அடுத்தடுத்து நெருங்கி நிற்பவை. உண்மை என்னும் சொல்லின் எழுத்துகளோ நெடுங்கணக்கின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் அகன்று நிற்பவை. பொய் எங்கும் எளிதில் அகப்படும். உண்மையைத் தேடி நெடுந்தூரம் நடக்கவேண்டும். பொய்யின் எழுத்துகள் ஒற்றைக்காலில் நிற்கின்றன. உண்மையின் எழுத்துகள் செங்கல் பரப்பினாற்போல அகன்ற அடியுடன் நிற்கின்றன என்றும் அவர்கள் சொன்னார்கள்.

சோகாரின் கதை முடியும்போது, ஆசீர்வாதம் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய பேத் தெரிந்துகொள்ளப்படுகிறது. ஆதியாகமத்தின் முதற்சொல் அதனால் தொடங்குகிறது. தாழ்மையினால் முன்வராமல் நின்ற ஆலெப்புக்கோ, எழுத்துகள் எல்லாவற்றுக்கும் தலையாகும் மேன்மை கிடைக்கிறது. இக்கதை வேதவசனம் அல்ல. அதை நாம் விசுவாசப் பிரமாணமாய் ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் ஷீனுக்குச் சொல்லப்பட்ட பதிலில் ஒரு ஞானம் உண்டு: பரிசுத்தமான எழுத்தாயிருந்தாலும், தன்னை எடுத்துப் பயன்படுத்தும் கையிலிருந்து அது தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. பின்வந்த நூற்றாண்டுகளின் வரலாறு இதை மெய்ப்பித்தது.

நாமத்தின் நடுவில் ஓர் எழுத்து

கிறிஸ்தவ அறிஞர்கள் கபாலாவைத் தேடத் தொடங்கியது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில். இத்தாலியின் இளம் பிரபுவாகிய ஜொவான்னி பிக்கோ 1486-இல் 900 கருத்துரைகளை வெளியிட்டு, ரோமாபுரியில் அவற்றைக் குறித்து வாதிட அறிஞர்களை அழைத்தார். அவற்றில் பல கபாலாவைச் சார்ந்தவை. இயேசுவின் நாமத்தில் உள்ள ஷீனைக் குறித்த கருத்தும் அவற்றில் ஒன்று. போப்பு எட்டாம் இன்னொசென்ட் அந்த விவாதம் நடவாதபடி தடுத்தார்.

அந்தப் பொறியைக் கையில் ஏந்தியவர் ஜெர்மனியின் யோஹான்னஸ் ராய்க்லின். 1455-இல் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்த இவர் சட்டம் கற்றவர். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வல்லவர். 1494-இல் ‘அற்புத வார்த்தையைக் குறித்து’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். மூவர் உரையாடுவதுபோல் அமைந்த நூல் அது: தத்துவம் பேசும் சிதோனியஸ், யூதராகிய பாருக்கியாஸ், ராய்க்லினின் குரலாய்ப் பேசும் காப்னியோன். நூலின் உச்சியில் வருகிறது ஷீன்.

கர்த்தருடைய நாமம் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. யூதர்கள் அதை வாய்விட்டு உச்சரிப்பதில்லை. அந்த நான்கு எழுத்துகளின் நடுவில் ஷீனை வைத்தால் என்ன ஆகும் என்று ராய்க்லின் கேட்டார். யோத், ஹே, ஷீன், வாவ், ஹே. உச்சரிக்கக்கூடாதிருந்த நாமம் உச்சரிக்கக்கூடியதாயிற்று. அதுவே இயேசு என்னும் நாமம் என்றார். வார்த்தை மாம்சமான இரகசியத்தை ஓர் எழுத்திலே கண்டதாக அவர் மகிழ்ந்தார்.

கேட்பதற்கு இனிமையான விளக்கம் இது. இன்றும் பல பிரசங்கங்களில் இது வருகிறது. ஆனால் உண்மை என்னும் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும் அல்லவா? எபிரெய வேதத்தில் யோசுவா என்னும் பெயரும், அதன் குறுகிய வடிவமாகிய யெசுவா என்னும் பெயரும் ஆயின் என்னும் எழுத்தில் முடிகின்றன. ஹே எழுத்தில் முடிவதில்லை. ராய்க்லின் காட்டிய ஐந்தெழுத்து வடிவில் இப்பெயர் எபிரெய வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. இரட்சிப்பு என்னும் பொருளுக்கு வேராயிருப்பதும் அந்த ஆயினே. அந்த எழுத்தை விட்டுவிட்டு ஷீனை மாத்திரம் பிடித்துக்கொண்டால் நாமத்தின் பொருளே நழுவிப்போகும். இயேசுவே கர்த்தர் என்பது நம்முடைய அறிக்கை. அது சிலுவையின்மேலும் திறந்த கல்லறையின்மேலும் நிற்கிறது. அதைத் தாங்கிப்பிடிக்க வளைத்தெழுதிய ஓர் எழுத்துக்கூட்டு தேவையில்லை.

எரிக்கப்படாத புத்தகங்கள்

ராய்க்லினின் விளக்கத்தைவிட அவருடைய வாழ்க்கை நமக்கு அதிகம் போதிக்கிறது. 1492-இல் ஸ்பெயின் அரசு தன் நாட்டு யூதர்களை ஒட்டுமொத்தமாய் வெளியேற்றியது. அதே ஆண்டில் லின்ட்ஸ் நகரில், சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரடெரிக்கின் அரண்மனை மருத்துவராகிய யாக்கோபு பென் யெகியேல் லோவன்ஸ் என்னும் யூதரிடம் ராய்க்லின் மாணவராய் அமர்ந்து எபிரெயம் கற்றார். 1498-இல் ரோமாபுரியில் ஓபதியா ஸ்ஃபோர்னோ என்னும் யூத அறிஞரிடமும் கற்றார். கற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், 1506-இல் எபிரெய இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூலை வெளியிட்டார். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டை மூலமொழியில் வாசிக்கக் கதவைத் திறந்த நூல்களில் அது தலையானது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம்வரை தமிழாக்கி 1719-இல் மரித்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் அந்த வேலையை முடித்தார்கள். அவர்களுக்கு எபிரெயம் போதித்த ஜெர்மானியக் கல்வி மரபின் தொடக்கத்தில் ராய்க்லின் நிற்கிறார். அவருக்கு முன்னே அவருடைய யூத ஆசிரியர்கள் நிற்கிறார்கள்.

சோதனை 1509-இல் வந்தது. யூத மார்க்கத்திலிருந்து கிறிஸ்தவரான யோஹான்னஸ் ஃபெஃபர்கோர்ன் என்பவர், யூதருடைய புத்தகங்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைச் சக்கரவர்த்தி மாக்சிமிலியனிடம் பெற்றார். அடுத்த ஆண்டில் சக்கரவர்த்தி சில பல்கலைக்கழகங்களிடமும் அறிஞர்களிடமும் ஆலோசனை கேட்டார். கேட்கப்பட்டவர்களில் அந்தப் புத்தகங்களை அழிக்கக்கூடாது என்று தெளிவாய் எழுதியவர் ராய்க்லின் ஒருவரே. வெளிப்படையாய் நிந்தை பேசும் ஓரிரு நூல்களைச் சட்டப்படி விசாரிக்கலாம். மற்றவற்றைத் தொடக்கூடாது என்றார். யூதர்கள் பேரரசின் குடிமக்கள். அவர்களுடைய உடைமைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றார். புத்தகங்களை எரிப்பதற்குப் பதிலாக, பல்கலைக்கழகங்களில் எபிரெயம் போதிக்க ஆசிரியர்களை நியமிக்கும்படி யோசனை கூறினார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஃபெஃபர்கோர்ன் அவரைத் தூற்றி எழுதினார். 1511-இல் ராய்க்லின் தம் தரப்பை நூலாய் வெளியிட்டார். கொலோன் நகரத்து மதவிசாரணைத் தலைவர் ஹோக்ஸ்ட்ராட்டன் 1513-இல் வழக்குத் தொடுத்தார். 1514-இல் ஸ்பெயர் நகரில் ராய்க்லினுக்குச் சாதகமாய்த் தீர்ப்பாயிற்று. வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1520-இல் போப்பு பத்தாம் லியோ அவருடைய நூலைக் கண்டித்தார். 1522-இல் ராய்க்லின் மரித்தார். அவரும் தம் காலத்தின் குறைகளுக்கு முற்றிலும் நீங்கலானவர் அல்லர். யூதருடைய துன்பம் அவர்களுடைய பாவத்தின் தண்டனை என்று 1505-இல் அவரே எழுதியிருந்தார். ஆனாலும் அவருக்குள் ஒரு மாற்றம் நடந்தது. 1494-இன் நூலில் யூதர் தல்மூத்தைக் கைவிடும்படி கேட்கப்படுகிறார். வழக்கு நடந்துகொண்டிருந்த 1517-இல் அவர் எழுதிய ‘கபாலா கலை’ என்னும் நூலிலோ சிமோன் என்னும் யூதரே ஆசிரியர். மற்ற இருவரும் அவரைத் தேடி ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வருகிறார்கள். ஓய்வுநாள் வந்தபோது சிமோன் அதை ஆசரிக்கப் போகிறார், அவர்கள் காத்திருக்கிறார்கள். பிறனுடைய எழுத்தைக் கற்கப்போனவர், அந்தப் பிறனுடைய ஓய்வுநாளுக்கும் மரியாதை செய்யக் கற்றுக்கொண்டார்.

அதே எழுத்து, வேறொரு கை

இனிச் சொல்லவேண்டியது கசப்பானது. ஆயினும் சபை அதைக் கேட்கவேண்டும். ராய்க்லினின் உறவினராகிய ஃபிலிப் மெலாங்க்தன், அவருடைய சிபாரிசின்பேரில் 1518-இல் விட்டன்பர்க்கில் ஆசிரியரானார். அங்கே மார்ட்டின் லூத்தர் ராய்க்லினின் இலக்கணத்தைக்கொண்டு எபிரெயம் பயின்றார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலை அவர் எடுத்துரைத்ததற்காக நாம் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் 1543-இல், தம் முதிர்வயதில், அவர் யூதர்களுக்கு விரோதமாய் நூல்களை எழுதினார். ஒன்றின் தலைப்பு ‘யூதர்களும் அவர்களுடைய பொய்களும்’ என்பது. ஜெபாலயங்களைக் கொளுத்தவும், ஜெபப்புத்தகங்களையும் தல்மூத்தையும் பறிக்கவும் அதில் ஆலோசனை சொன்னார். மற்றொன்று, கர்த்தருடைய நாமத்தைக் குறித்த யூதரின் எழுத்து மரபையே பொருளாய்க் கொண்டது. விட்டன்பர்க் ஆலயச் சுவரில் யூதரை இழிவுபடுத்தச் செதுக்கப்பட்டிருந்த பன்றிச் சிற்பத்தைக் காட்டி, வாசிக்கக் கூசும் வார்த்தைகளால் அந்த மரபை அவர் ஏளனம் செய்தார்.

சோகாரின் கதையை இங்கே நினைத்துப்பாருங்கள். வேதத்தை நேசித்த மனிதர், கிறிஸ்துவின் மகிமைக்காகப் பேசுவதாய் எண்ணிய மனிதர், பிறரைப் பொய்யர் என்று குற்றஞ்சாட்டும்போதே, மெய்யின் எழுத்தை அடியில் வைத்து அதன்மேல் பகையைக் கட்டினார். அந்தக் கட்டடம் அவரோடு மறையவில்லை. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் ஜெபாலயங்கள் எரிந்தன. 1946-இல் நூரம்பெர்க் நீதிமன்றத்தில், யூதப் பகையைப் பரப்பியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு நின்ற யூலியஸ் ஸ்ட்ரைகர், லூத்தரின் அந்த நூலையே தனக்கு அரணாய்க் காட்டினான். 1994-இல் அமெரிக்க சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அந்த எழுத்துகளை வெளிப்படையாய் நிராகரித்து, தன் வேதனையை யூத சமூகத்துக்கு அறிவித்தது. அது நன்று. எரிந்தவைகளோ எரிந்தவைகளே.

மெய்யின் எழுத்து நம் கையில்

பிரியமானவர்களே, ஓர் எழுத்தின் பாதையில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்! யோர்தானின் துறையில் அது சகோதரனைப் பிரித்துக் கொல்லும் கருவியாயிற்று. வாசல் நிலையில் அது சர்வவல்லவரின் நாமமாய் நின்றது. ஞானிகளின் நூலில் அது நெருப்பாயிற்று. ஒரு கிறிஸ்தவரை அது பிறனுடைய புத்தகங்களுக்காக வழக்காடும்படி நடத்தியது. அந்த மரபை ஏளனம் செய்த இன்னொரு கிறிஸ்தவர் பிறனுடைய புத்தகங்களைப் பறிக்கச் சொன்னார். எழுத்து மாறவில்லை, அதைப் பிடித்த கை மாறியது.

ஆகவே எழுத்துகளின் மறைபொருளைச் சொல்லும் செய்தி நம்மிடம் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். முதலாவது, இது உண்மையா? ராய்க்லினைப் போன்ற மேதையின் விளக்கமும் ஓர் ஆயின் எழுத்தினால் தவறிப்போயிற்று என்றால், பெயரில்லாத காணொலியை ஆராயாமல் நம்பலாமா? இரண்டாவது, இது என்னை யாரிடம் எப்படி நடத்துகிறது? இந்த எழுத்துகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாய்க் கையால் எழுதி, ஒரு புள்ளியும் சிதையாமல் காத்தவர்களுக்கு நன்றியுள்ளவனாய் என்னை ஆக்குகிறதா? அல்லது அவர்கள் அறியாத இரகசியத்தை நான் அறிந்தேன் என்னும் இறுமாப்பைத் தருகிறதா? ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக்கிளை வேருக்கு விரோதமாய்ப் பெருமைபாராட்டலாகாது என்று அப்போஸ்தலனாகிய பவுல் ரோமர் 11-ஆம் அதிகாரத்தில் நம்மை எச்சரித்திருக்கிறார்.

இது எபிரெய எழுத்துகளோடு முடிந்துபோகும் காரியமும் அல்ல. பொய் முழுப்பொய்யாய் நம் வாசலுக்கு வருவதில்லை. ஒரு மெய்யை இரவல் வாங்கிக்கொண்டு வருகிறது. அயலகத்தாரைப் பற்றிய ஒரு நடந்த சம்பவம், அதன்மேல் ஒரு கற்பனை. சபையின் ஊழியனைப் பற்றிய ஓர் உண்மையான குறை, அதன்மேல் ஒரு பழி. வேறு மார்க்கத்தாரைப் பற்றிய ஒரு மேற்கோள், அதன்மேல் ஒரு பகை. முதலெழுத்து மெய்யாயிருப்பதால் சொல் முழுவதையும் நம்பிவிடுகிறோம். நம்முடைய வாயும் விரலும் அந்த எழுத்தைப் பொய்க்கு இரவல் கொடாதபடி காத்துக்கொள்வோம். நாவு நெருப்பு என்று யாக்கோபு எழுதினது இதற்காகவே.

119-ஆம் சங்கீதம் எபிரெய நெடுங்கணக்கின் வரிசையில், எழுத்துக்கு எட்டு வசனமாய் அமைந்தது. 161 முதல் 168 வரையுள்ள வசனங்கள் ஷீனுக்குரியவை. அவற்றில் 163-ஆம் வசனத்தின் முதற்சொல் ஷேக்கெர், அதாவது பொய். அதை வெறுத்து அருவருக்கிறதாகச் சங்கீதக்காரன் அறிக்கை செய்கிறான். இரண்டு வசனம் தாண்டி, 165-ஆம் வசனத்தின் முதற்சொல் ஷாலோம், அதாவது சமாதானம். வேதத்தை நேசிக்கிறவர்களுக்கு அது மிகுதியாய் உண்டென்று பாடுகிறான். இடையிலுள்ள 164-ஆம் வசனமோ நாளொன்றுக்கு ஏழுதரம் துதிப்பதைச் சொல்லுகிறது. மூன்று வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பொய்யை விட்டு, துதியின் வழியாய், சமாதானத்துக்குச் செல்லும் பாதை அங்கே எல்லாரும் வாசிக்கத் திறந்திருக்கிறது. இந்த வாரம் ஒவ்வொரு நாளும் அந்த எட்டு வசனங்களைக் குடும்பமாய் வாசியுங்கள்.

ஜெபிப்போம்: சர்வவல்லமையுள்ள பிதாவே, உம்முடைய வார்த்தையை எழுத்து எழுத்தாய்க் காத்து எங்களுக்கு ஒப்புவித்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். உம்முடைய நாமத்தைச் சொல்லும் எங்கள் வாயில் பிறனுக்கு விரோதமான பொய் காணப்படாதபடி எங்களைக் காத்தருளும். உம்முடைய ஆவியின் நெருப்பு எங்கள் பகையைச் சுட்டெரிப்பதாக. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.